சிவப்புக் கயிற்றுச் சாவி

கல்மண்டபம், ராயபுரம்
11 ஜூன் 2023, இரவு

அன்புள்ள ஃப்ளோரி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அச்சு முறுக்கு டப்பாவின் அடியில், பேப்பருக்குக் கீழே வைத்து அனுப்புகிறேன். உன் தோஸ்து தாஹிரா திண்டிவனத்துக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். வழியில் மடத்தில் இறங்கி உன் கையில் கொடுக்கிறேன் என்றாள்.

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி வருகிறதா? இங்கே மூன்று பேரும் சுகம்தான். அப்பாவுக்குத்தான் மேகம் கறுத்தால் அந்தக் கால் குடைகிறது.

அம்மா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். அப்பா செகண்ட் ஷிஃப்ட் முடித்து இன்னும் வரவில்லை. அவருக்குக் கதவைத் திறக்க நான் விழித்திருக்கிறேன். சிவப்புக் கயிறு கட்டிய அவருடைய சாவியைக் காணோம். நீ லீவு முடிந்து கிளம்பிய நாளிலிருந்தே காணோம். வேறு சாவி போடச் சொன்னால், "விடு, அது வரச்சொல்ல எடுத்துகினு வரும்" என்கிறார். 'அது' என்றால் நீதான்.

நீ போன மறுநாள் அம்மாவிடம், அக்கா மடத்தைவிட்டு வந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சும்மாதான் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அவ வந்துட்டா நீ போவணும். ஒரு பொண்ணுன்னுதான் மாதாகிட்ட நேர்ந்துகினேன். பேரு சொல்லல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்பு துறைமுகத்தில் கன்டெய்னர் மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா விழுந்தாரே, அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நேர்ந்தாளாம். அவர் பிழைத்தால் ஒரு பெண்ணை மடத்துக்குக் கொடுக்கிறேன் என்று. உனக்கு இது தெரியும் என்றாள். தெரிந்துதான் போனாயாம். நேர்ச்சை என்று மடத்தில் சொன்னால் சேர்க்க மாட்டார்கள், அதனால் கடவுளின் அழைப்பு வந்தது என்று நீயே சொன்னாயாம். அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாதாம். தெரிந்தால் அந்தாளு நேராப் போய் இட்டுகினு வந்துருவாரு, நேர்ச்சை தப்பினால் அவருக்கு ஆகாது என்று அழுதாள்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு மடத்துக்குப் போக இஷ்டமில்லை. நான் பிளஸ் டூ படிக்க வேண்டும், அதற்கு மேலும் படிக்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நீ திரும்பி வந்துவிடாதே.

நாம் படித்த கதைப் புத்தகங்களை வைத்து ஆடும் மூணு உலகம் விளையாட்டை விடாதே. புதுசாக ஒன்று யோசித்திருக்கிறேன். உப்பு நாட்டில் மழை வந்தால் அது கரைந்துவிடும். காற்றுக் கோட்டையில் தலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும். இரும்புக் காட்டில் அதை வைத்துக்கொண்டவன் ஊமையாகிவிடுவான். முதல் எழுத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைக்கலாம். அது என்ன?

கிழித்துவிடு. மறக்காதே.

உன் தங்கை,
மெர்லின்

---

கன்னியர் மடம், திண்டிவனம்
9 ஜூலை 2023

அன்புள்ள மெர்லுவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இறைவன் அருளால் நான் நலமாக இருக்கிறேன். அப்பா, அம்மா, நீ மூவரும் நலமாக இருக்கவே தினமும் செபிக்கிறேன்.

அச்சு முறுக்கு வந்தது. தாஹிராவிடம் நன்றி சொல். எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். டப்பாவில் எதுவும் மிச்சம் இல்லை. இனிமேல் பொட்டலம் அனுப்ப வேண்டாம். நவகன்னியர் பயிற்சி தொடங்கிவிட்டதால் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான். போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் ரெஜினா படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இது இங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம்.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். எங்கும் போக மாட்டேன். நீ பயப்படாமல் படி.

லீவில் நீ போட்ட விடுகதைக்கு விடை: மகுடம். அதிலிருந்து குடம். சரிதானே? என்னுடையது இதோ. உப்பு நாட்டு ராணி அதை விழுங்கிவிட்டாள். காற்றுக் கோட்டையில் அது மேகத்தால் ஆனது, கையை இறுக்கினால் காணாமல் போகும். இரும்புக் காட்டில் அது மரத்தில் காய்க்கும். பின்னாலிருந்து படித்தால் அதைக் காட்டி வெளிநாட்டுக்குப் போகலாம்.

அப்பாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடு.

அன்புடன்,
ஃப்ளோரன்ஸ்

(பின்குறிப்பு: உன் விடுகதையை ஃப்ளோரன்ஸ் சொன்னதும் நான் கிரீடம் என்று நினைத்துக்கொண்டு அரை நாள் தண்ணீர் லாரியைத் தேடினேன். அடுத்த முறை எனக்கும் புரிகிற மாதிரி போடு. — சிஸ்டர் ரெஜினா)

---

கல்மண்டபம்
23 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கும், படிக்கப்போகிற சிஸ்டருக்கும் வணக்கம்.

நீங்கள் இருவரும் சுகம் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது.

லீவில் நான் போட்ட விடுகதையை இத்தனை நாள் ஞாபகம் வைத்திருந்ததற்கு சந்தோஷம், அக்கா. உன்னுடையதற்கு விடை சாவி. பின்னாலிருந்து படித்தால் விசா. அப்பா கதவைத் தட்டும்போதெல்லாம் சாவி ஞாபகம் வருகிறது. உன் பையில் எங்காவது கிடக்கிறதா, பார்.

நசீர் பாய் பழைய பேப்பர் கடையில் இரும்புக் காட்டின் மூன்றாம் பாகம் கிடைத்தது. நடுவில் முப்பது பக்கம் இல்லை. "இல்லாத பக்கத்த நீயே எழுதிக்கோம்மா, அதுக்கு துட்டு வாங்கல" என்றார். ராத்திரியில் அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உன் பக்கத்துக் கட்டிலில் அம்மா துவைத்த துணியை மடித்து வைக்கிறாள். நான் எடுத்துவிடுகிறேன். மறுநாள் மறுபடி வைக்கிறாள்.

இது சிஸ்டருக்கும் சேர்த்து: உப்பு நாட்டில் அது வற்றிப்போய்விட்டது. காற்றுக் கோட்டையிலிருந்து பார்த்தால் அது தலைக்கு மேலே தெரியும். இரும்புக் காட்டில் அதைக் கண்டு மரங்கள் துருப்பிடித்து நடுங்கும். முதல் எழுத்தை எடுத்தால், எங்கள் கணக்கு மிஸ் என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னது.

பதில் போடு.
மெர்லின்

---

திண்டிவனம்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள மெர்லுவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம். போன மாதம் தோட்டத்து வேலை அதிகம், எழுத முடியவில்லை. தலைவலி கொஞ்சம் வந்து போகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

விடை கடல். நீ ஒன்றும் டல் இல்லை. அந்தக் கணக்கு மிஸ் என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

பயிற்சிக்கு வந்த அன்றே கைக்கடிகாரம், செயின், போன் எல்லாவற்றையும் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டோம். சாவி பற்றித் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

இங்கே காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். ரொம்ப அமைதியான இடம். ராத்திரி கப்பல் சங்கு கேட்காமல் முதலில் தூக்கம் வரவில்லை. இப்போதும் சில நாள் அது கேட்கிற மாதிரி எழுந்துவிடுகிறேன்.

ஒரு விடுகதை. உப்பு நாட்டில் அதன் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது. காற்றுக் கோட்டையில் அதன் கதவு திறந்தேதான் இருக்கும், ஆனால் யாரும் வெளியே வருவதில்லை. இரும்புக் காட்டில் அதற்குள் ஒரு பறவை தானாகவே போய் உட்கார்ந்தது. நடு எழுத்தை எடுத்துவிட்டால் அந்தப் பறவை பிறந்த இடம்.

நிதானமாக யோசி.

அன்புடன்,
ஃப்ளோரன்ஸ்

---

கல்மண்டபம்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? நன்றாகச் சாப்பிடு.

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. நிறைய படிக்க வேண்டியிருப்பதால் பெரிதாக எழுத முடியவில்லை. உன் விடுகதையை எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் போட்டவர்தான் அடுத்த கடிதத்தில் விடை சொல்ல வேண்டும், அதுதானே நம் சட்டம்?

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

மெர்லின்

---

திண்டிவனம்
5 நவம்பர் 2023

அன்புள்ள மெர்லின்,

இயேசுவுக்கே புகழ். நலம். நீங்கள் அனைவரும் நலமென நம்புகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஆயாவின் கல்லறையில் என் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள். தேர்வுகளை நன்றாக எழுது. பெற்றோருக்குக் கீழ்ப்படி. தினமும் செபமாலை சொல்.

வரும் மே 31 அன்று எங்கள் முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் நாள். அப்பா, அம்மாவோடு நீயும் வர வேண்டும்.

அன்புடன்,
ஃப்ளோரன்ஸ்

---

கல்மண்டபம்
26 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். சுகமாக இருக்கிறாயா? உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. அதில் விடையும் இல்லை, விடுகதையும் இல்லை.

இந்த மாதம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நசீர் பாய் கடையில் எல்லாப் புத்தகமும் ஊறி இட்லி மாதிரி உப்பிவிட்டது. எண்ணூரில் பெரியப்பா வீட்டு வாசல்வரை கறுப்பு எண்ணெய் மிதந்து வந்தது. அவர்கள் வலையை இன்னும் கழுவி முடிக்கவில்லை. உன் கட்டிலின் கால் ஊறிப்போனது. அப்பாதான் வெயிலில் போட்டு, ஆணி அடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். அம்மா, இடத்தை அடைச்சுகினு எதுக்கு என்றாள். அவர் அதன் மேல் பாயை விரித்தார்.

நேற்று நடுச்சாமப் பூசை முடிந்து வந்தோம். அம்மா தூங்கிவிட்டாள். அப்பா நட்சத்திர விளக்கின் கீழே உட்கார்ந்து கேக்கைப் பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்.

"அது போச்சே, சிரிச்சுகினு போச்சா, அழுதுகினு போச்சா? உனுக்குத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டுதான் போனாய் என்று சொன்னேன். "அப்டியா" என்று கேட்டுவிட்டுக் கேக்கை வைத்துவிட்டார். துறைமுகத்தில் எல்லோரிடமும் என் பொண்ணு சிஸ்டர் ஆவுது என்று சொல்லிக்கொள்கிறவர்தான்.

உனக்காக ஒன்று போடுகிறேன். மூன்று உலகத்திலும் நாயகன் உள்ளே போகாமல் கதை முடியாது. உள்ளே ஒரே இருட்டு. முதல் எழுத்தை எடுத்தால் ஐந்து விரல். சுலபமானது, சட்டென்று சொல்லிவிடுவாய்.

எழுது, அக்கா.
மெர்லு

---

கல்மண்டபம்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் அன்புமணி அண்ணனை தினமும் தெருமுனையில் நிறுத்திக் கேட்கிறேன். இப்போது அவரே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுகிறார்.

இங்கே சுகம். வரும் புதன்கிழமை சாம்பல் புதன். அன்று தொடங்கும் தவக்காலத்தில் உங்களுக்குக் கடிதம் கிடையாது என்று பங்குக் கோயில் சிஸ்டர் சொன்னார்கள். அதற்குள் ஒரு வரி எழுதிவிடு. விடுகதை வேண்டாம். சும்மா எழுது.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூஹி வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது யாரோடும் பேசாமல் சாப்பிட்டுப் பழகிவிட்டேன். மூணு உலகத்தைப் பற்றி யாரிடமாவது சொன்னால், இன்னாடி லூசு மாதிரி பேசுற என்கிறார்கள்.

ராத்திரி உன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

மெர்லு

---

திண்டிவனம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள மெர்லினுக்கு,

உயிர்ப்புத் திருநாள் ஆசீர். நீயும் பெற்றோரும் நலமா? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருக்கும். நன்றாக எழுதியிருப்பாய்.

உன் அக்கா எழுதாமல் நான் எழுதுவதைக் கண்டு பயப்படாதே. அவளுக்குப் பெரிய நோய் ஒன்றும் இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, தலைவலி நிற்கவில்லை. உன் டிசம்பர் விடுகதைக்கு விடை குகை என்று நான் சொன்னேன். சரி என்று தலையசைத்தாள். அவ்வளவுதான் பேசினாள்.

வார்த்தைப்பாட்டுக்கு முன்னால், என் சொந்த விருப்பத்தில் கேட்கிறேன் என்று ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதித் தரக்கூடாது. மற்ற ஆறு பேரும் கொடுத்துவிட்டார்கள். ஃப்ளோரன்ஸ் மூன்று முறை உட்கார்ந்தாள். மூன்று முறையும் தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட்டாள். உனக்கு விருப்பமில்லையா என்று கேட்டேன். விருப்பம்தான் சிஸ்டர் என்கிறாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவள் படுக்கையை நான் தட்டிப் போட்டபோது தலையணை உறைக்குள் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு சாவி இருந்தது. பார்க்காததுபோல வைத்துவிட்டேன்.

அவள் கடைசியாகப் போட்ட விடுகதை, அந்தப் பறவையைப் பற்றியது, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விடை கேட்டால், "என் தங்கச்சிக்குத் தெரியும்" என்கிறாள். உனக்குத் தெரியுமா மகளே? தெரிந்தால் எனக்கு எழுது. தெரியாது என்றால் அதையும் எழுது.

செபத்துடன்,
சிஸ்டர் ரெஜினா

---

கல்மண்டபம், ராயபுரம்
21 ஏப்ரல் 2024, இரவு

மரியாதைக்குரிய சிஸ்டர் ரெஜினாவுக்கு,

நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு அக்காவிடம் கொடுங்கள். மடத்துத் தலைவி மதருக்குக் காட்ட வேண்டும் என்றால் அவர்களுக்கும் காட்டுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

விடை கூண்டு. நடு எழுத்தை எடுத்தால் கூடு. அக்காவின் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும், சிஸ்டர். அவளுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் அப்போதே தெரியும். தெரியாது என்று எழுதினேன்.

அக்காவுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. அப்பா விழுந்தபோது அம்மா ஒரு பெண்ணை மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அதற்காகத்தான் அக்கா வந்தாள். நேர்ச்சைக்காக வருகிறவர்களை நீங்கள் சேர்க்க மாட்டீர்கள் என்று உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். போன வருஷம் முறுக்கு டப்பாவில் நான் ஒரு கடிதம் ஒளித்து அனுப்பினேன். அவள் வந்தால் நான் போக வேண்டும் என்று அம்மா சொன்னாள், அதனால் வராதே என்று அதில் எழுதினேன். அதைப் படித்த பிறகுதான் அவள், எங்கும் போக மாட்டேன், நீ பயப்படாமல் படி என்று எழுதினாள். நானும் பயப்படாமல் படித்தேன்.

அக்கா, இனி உனக்கு. வந்துவிடு.

நீ வந்தால் என்னை அனுப்புவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் நானும் அந்த விண்ணப்பத்தை எழுத மாட்டேன். என் கையால்தானே எழுத வேண்டும் என்று சிஸ்டர் சொல்கிறார்கள். அதற்குமேல் அம்மா என்ன செய்வாள் என்று தெரியவில்லை. நீயும் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேராகக் கேட்டுக்கொள்ளலாம்.

சாயந்திரமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சிஸ்டருக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தாளுக்கு இன்னானா ஆச்சுன்னா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

இதையேதான் உன்னிடமும் கேட்டிருப்பாள். அன்றைக்கு உனக்குப் பதினேழு வயதுதான். அம்மா சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். மாத்திரை போடவில்லை. தூங்கவும் இல்லை. நான் விளக்கைப் போட்டு எழுதுவது அவளுக்குத் தெரியும். அணைக்கச் சொல்லவில்லை.

அப்பாவிடம்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் உயிருக்காக நேர்ந்தது, அவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவர் என்னிடம் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். நீ அழுதுகொண்டுதான் போனாய். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய், நான் பார்த்தேன்.

உன் கட்டிலில் இருந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டேன். வரும்போது சாவியை மறந்துவிடாதே. இனிமேல் அவர் தட்டிக்கொண்டு

அக்கா, அப்பா வந்துவிட்டார். தட்டுகிறார். எப்போதும்போல மெதுவாக, அம்மா எழுந்துவிடப் போகிறாளே என்று. இந்தத் தாளை நான் மடிக்கவில்லை. கதவைத் திறந்து, முதலில் அவர் கையில்